மலைநாட்டுக் குளிரும் உடையும்

ஓராண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த பண்டைத் தமிழர், கார்காலத்தை அடுத்து வரும் ஐப்பசி கார்த்திகையைக் கூதிர் என்றும், மார்கழி தையை முன்பனி என்றும், மாசி பங்குனியைப் பின்பனி என்றும் வழங்கினர். வெயிலுக்குப் பெயர்போன நாட்டிலே வாழ்ந்தோர் ஆண்டின் சரிபாதியைக் குளிருக்கு ஒதுக்கியிருப்பது கருதத்தக்கது. நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை கூதிர்காலத்து இரவையே களமாகக் கொண்டது. கொள்ளிக்கட்டையைக் கையிலேந்தி நடுங்கும் இடையரும், வேலையின்றிக் கிடக்கும் சந்தனக் கல்லும், சுருக்கி மாட்டப்பட்டுச் சிலந்தி நூல் படிந்து தொங்கும் விசிறியும் அதிலே வருகின்றன. குளிர் வந்தால் மனிதர் எதைக் கையில் எடுக்கின்றனர், எதை ஒதுக்குகின்றனர் என்பதை அப்புலவர் கூர்ந்து நோக்கியிருக்கிறார்.

யாழ்ப்பாணத்தாருக்கும் மட்டக்களப்பாருக்கும் கூதிர் என்பது மழை. மலைநாட்டாருக்கோ அது மழையோடு கூடிய குளிர். இலங்கையில் குளிராடை என்பது வீண் ஆடம்பரம் என்று எண்ணுகிறவர்கள் மார்கழி மாதத்து விடியற்காலையில் கண்டி ஏரிக்கரையில் ஒரு சுற்று நடந்து பார்க்கலாம். அல்லது அதற்கும் மேலே சென்று, நானுஓயாப் புகையிரத நிலையத்தில் அரைமணி நேரம் நின்று பார்க்கலாம். நுவரெலியாவில் தை மாசி மாதங்களின் சில விடியல்களில் புல்நுனியிலே உறைபனி வெண்மையாகப் படிகின்றது. அப்பனி தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடுவதும் உண்டு.

கடல்மட்டத்திலிருந்து மேலே செல்லச் செல்ல, ஆயிரம் மீற்றருக்குச் சராசரி ஆறரைப் பாகை செல்சியஸ் வீதம் வெப்பம் குறைகின்றது. கண்டி மாநகர் சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. எனவே புகையிரதத்தில் சில மணி நேரம் ஏறிச் செல்லும் பயணி சுமார் ஒன்பது பாகை வெப்பத்தை வழியிலே இழந்துவிடுகிறார். இது எல்லோரும் ஓரளவு அறிந்ததே. கண்டிக் குளிருக்கே உரிய ஓர் இயல்பு உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. ஹந்தானை முதலிய குன்றுகள் சூழ்ந்திருக்க, மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்தோட, ஒரு கிண்ணத்தின் அடியிலே இருப்பதுபோல் நகர் அமைந்திருக்கிறது. மேகமற்ற தை மாத இரவில் குன்றுச் சரிவுகள் குளிர்ந்து, அங்குள்ள கனத்த குளிர்காற்று தண்ணீரைப்போல வழிந்து பள்ளத்திலே வந்து தங்குகிறது. விடியும்போது 18 பாகையாக இருக்கும் வெப்பம் நண்பகலில் 28 பாகையை எட்டிவிடுகிறது. ஒரே நாளில் இரண்டு பருவங்கள்! ஐரோப்பிய நாடுகளின் பின்னிலையுதிர் காலத்திலே காலையிற் புகுந்த குளிர் இரவு வரையில் இருக்கும். அங்கே தடித்த மேலங்கி ஒன்றை அணிந்து புறப்பட்டால் அன்றைய கவலை தீர்ந்தது. கண்டியிலே அவ்வாறு புறப்படுகிறவர் பத்து மணிக்கு வியர்க்கிறார். அங்கியைக் கழற்றினாலோ உள்ளே இருப்பது நனைந்த மெல்லிய சட்டை ஒன்றுதான். மாலையில் அதே ஈரம் நெஞ்சிலே குளிராக இறங்குகிறது.

இங்கே, உடை எவ்வாறு வெப்பம் தருகிறது என்பதை அறிந்துகொள்வது பயனுடையது. உண்மையில் எந்த உடையும் வெப்பம் தருவதில்லை. 37 பாகையில் இருக்கும் உடலே அடுப்பு. உடை அதன் வெப்பத்தை வெளியே விடாமல் மறித்து நிற்கும் சுவர். அச்சுவருங்கூட நூலால் ஆனதன்று. நூலிழைகளுக்கு இடையே அசையாமல் அடைபட்டு நிற்கும் காற்றினால் ஆனது. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். பழனி மலைப் பகுதியை ஆண்ட பேகன், மயில் குளிரால் நடுங்குகிறதென்று எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தான் என்பது தமிழ் கூறும் நல்லுலகம் அறிந்த கதை. அவனது வண்மை போற்றத்தக்கது. எனினும் மயிலுக்கு அப்போர்வை தேவைப்பட்டிராது. இறகுகளுக்கு நடுவே காற்றை அடைத்து வைத்திருக்கும் பறவை, மனிதன் நெய்த எந்த ஆடையையும்விடச் சிறந்த குளிராடையைப் பிறப்பிலேயே அணிந்திருக்கிறது.

சுவர் காற்றினால் ஆனதென்றால், தடித்த துணி ஒன்றைக் காட்டிலும் மெல்லிய துணிகள் இரண்டு மேல் என்பது தானே விளங்கும். இரண்டு துணிகளுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு காற்றுப் படலம் இலவசமாகக் கிடைக்கிறது. உடலை இறுக்கிப் பிடிக்கும் உடை அழகாக இருக்கலாம். காற்றுக்கு இடமின்மையால் அது குளிரைத் தாங்காது. ஈரமோ இச்சுவரை இடித்துத் தள்ளிவிடும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 24 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவது. நனைந்த பருத்தித் துணி உடலோடு ஒட்டிக்கொண்டு காற்றுக்கு இருந்த இடத்தையெல்லாம் நீருக்குக் கொடுத்துவிடுகிறது. ஆகவே மலைநாட்டில் நல்ல உடை என்பதற்கு முதல் இலக்கணம் தடிப்பன்று, உலர்வாக இருத்தலே.

ஆட்டு மயிரான கம்பளி இவ்விடத்தில் பருத்தியிலிருந்து வேறுபடுகிறது. அதன் இழை இயற்கையிலேயே சுருண்டது. ஆதலால் நசுக்கினாலும் மீண்டெழுந்து காற்றைப் பிடித்துவைக்கும். தன் நிறையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை இழைக்குள்ளே உறிஞ்சிக்கொண்ட பின்பும், தொட்டால் நனைந்ததுபோலத் தோன்றாது. மேலும், ஈரத்தை உறிஞ்சும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளிவிடும். ஆனால் ஈழத்திலே ஆட்டு மயிர் நெசவு வேரூன்றவில்லை. கண்டி இராச்சியத்து நெசவாளர் பருத்தியிலும் நாரிலும் கைவண்ணம் காட்டினர். கம்பளி எப்போதும் கடல் கடந்தே வந்தது.

கம்பளி வருவதற்கு முன்னர் கண்டியில் வாழ்ந்தோர் குளிருக்கு என் செய்தனர்? பெரும்பாலும் அடுப்பையும் போர்வையையுமே நம்பினர் எனலாம். இதிலே சுவையான செய்தி ஒன்று உண்டு. 1660 ஆம் ஆண்டில் இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்களிடம் சிக்கி, 1679 இல் தப்பியோடும் வரையில் கண்டி இராச்சியத்திலே சிறையிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681 இல் இலண்டனில் அச்சான தமது நூலிலே பிழைப்புக்குச் செய்த தொழில்களைக் கூறுகிறார். அவற்றுள் ஒன்று தொப்பி பின்னி விற்பது. அவரும் உடனிருந்த ஆங்கிலேயரும் பருத்தி நூலிலே தொப்பி பின்னினர். வாங்குவோர் இருந்தனர் என்பதிலிருந்தே அந்தப் பண்டத்துக்குத் தேவை இருந்தது விளங்குகிறது. பின்னர் பின்னுவோர் தொகை பெருகவே விலை வீழ்ந்ததாம். வாணிகத்தின் விதி சிறைக்கைதிகளையும் விடவில்லை!

ஆனால் அக்காலத்தில் உடுப்பது முற்றிலும் அவரவர் விருப்பமாக இருக்கவில்லை. இடைத்துணி எவ்வளவு கீழே இறங்கலாம், மேலுடலை மூடலாமா என்பதெல்லாம் குலவரம்புக்கு உட்பட்டிருந்தன. பிரதானிகள் பல முழத் துணியை இடையிலே சுற்றிச் சுற்றிப் பருக்கச் செய்து, சட்டையும் தொப்பியும் அணிந்து அரசவைக்குச் சென்றனர். கடைநிலையிலே வைக்கப்பட்டோருக்கு மேலாடையே மறுக்கப்பட்டது. மலைக்குளிர் எல்லாருக்கும் ஒன்றே. அதை மறைக்கும் உரிமை ஒன்றாயிருக்கவில்லை. கண்டிச் சிங்களப் பெண்மணிகள் அணியும் ஒசரி என்னும் சேலைக்கட்டு அக்கால உயர்குடி உடையின் வழிவந்தது. இடையிலே கொசுவம் மடிந்து விழ, முந்தானை இடத்தோளில் நேராக அமைந்து பின்னே தொங்க, மேற்கையிலே சற்று உப்பிய கைச்சட்டையுடன் விளங்கும் அவ்வுடை இன்று எல்லா நிலையினரும் அணிவதாயிற்று. அதன் இடைமடிப்பு வெறும் அணியன்று. வயிற்றையும் இடுப்பையும் பல சுற்றுத் துணி காக்கிறது என்பதும் ஓர் உண்மை.

இனி, மலைநாட்டுத் தமிழரின் உடைவரலாற்றுக்கு வருவோம். 1820 களில் கம்பளைப் பகுதியிலே ஜோர்ஜ் பேட் என்பவர் கோப்பித் தோட்டம் தொடங்கியதிலிருந்து, தென்னிந்தியத் தொழிலாளர் மலையேறத் தொடங்கினர். (கம்பளைக்கும் கம்பளிக்கும் உள்ள பெயரொற்றுமை தற்செயலானதே.) இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய வெப்பமான சமவெளிகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, மாத்தளையைக் கடந்து கண்டிக்கு வந்தனர். கோப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆண்டின் கடைசி மாதங்களாகையால், சமவெளியை விட்டு வந்தவர்கள் நேரே மலையின் குளிரிலும் மழையிலும் கால் வைத்தனர். உடுத்திருந்த ஒற்றைப் பருத்தித் துணி எவ்வளவுக்குத் தாங்கும்? தோட்டத்திலே அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது ஒரு கறுப்புக் கம்பளி. அது அன்பளிப்பன்று, அதன் விலை அவர்களது கணக்கிலே பற்றாக எழுதப்பட்டுச் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. வேலை தொடங்குமுன்னரே தொழிலாளி பட்ட கடன்களுள் இக்கம்பளியும் ஒன்று.

1867 இல் ஜேம்ஸ் டெயிலர் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரவில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். 1869 இல் கோப்பியை இலைநோய் பற்றியது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. தோட்டங்கள் இன்னும் உயரமான, இன்னும் குளிர்ந்த மலைகளுக்கு ஏறின. கம்பளியும் உடன் ஏறியது.

இந்தக் கம்பளியைச் சற்று உற்றுநோக்க வேண்டும். தென்னிந்தியாவின் வறண்ட மேட்டுநிலங்களிலே ஆடு மேய்க்கும் குறும்பர் முதலிய மக்கள், கறுத்த ஆடுகளின் மயிரைக் கையால் நூற்றுக் குழித்தறியிலே நெய்தது அது. சாயம் இல்லை, ஆட்டின் நிறமே துணியின் நிறம். புளியங்கொட்டைப் பசை இட்டு நூலை விறைப்பாக்குவர். தோலில் பட்டால் குத்தும். காரணம், அந்த மயிரின் பருமன். ஒரு மீற்றரைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் வரும் சிறு அளவு மைக்ரோன் எனப்படும். 30 மைக்ரோனுக்கு மேற்பட்ட பருமனுள்ள இழையின் முனை தோலிலே வளையாமல் குத்துகிறது. மெரினோ ஆட்டின் மயிர் 24 மைக்ரோனுக்கு உட்பட்டது. ஆகையால் அது வளைந்து கொடுக்கிறது. உயர்ந்த சால்வைக்கும் தோட்டத்துக் கம்பளிக்கும் உள்ள வேறுபாடு இந்தச் சில மைக்ரோன்களே.

கொழுந்து பறிக்கும் பெண்கள் அக்கம்பளியின் ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையிலே கவிழ்த்து, முதுகில் வழியவிட்டு அணிந்தனர். இதற்குக் கொங்காணி என்று பெயர். மடிப்பிலே இரண்டு மூன்று அடுக்குகள் விழுவதால் தலையும் பிடரியும் முதுகும் காக்கப்பட்டன. கூடையின் கயிறு தலையிலே அழுந்தாதபடி அதே மடிப்பு மெத்தையாயிற்று. கூடை முதுகைத் தேய்க்காதபடி அதே துணி தடுப்பாயிற்று. கைகள் இரண்டும் தடையின்றி வெளியே இருந்தன. இடையிலே படங்கு எனப்படும் முரட்டுச் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டனர். இடுப்பளவு உயர்ந்த தேயிலைச் செடிகள் விடியலில் பனிநீர் சொட்ட நிற்கும். அவற்றின் நடுவே நடப்பவளின் சேலையை நீரிலிருந்தும் கிளைக்கீறலிலிருந்தும் காத்தது படங்கு. உள்ளே பருத்திச் சேலையும் சட்டையும், மேலே கம்பளி, நனையும் இடத்திலே படங்கு. மலையேறுவோருக்கு இக்காலத்து நிபுணர்கள் கற்பிக்கும் மூவடுக்கு உடைமுறை என்பது இதுவன்றி வேறென்ன? ஏட்டிலே எழுதாமல், அளவுகோல் எதுவும் இல்லாமல், தாயைப் பார்த்து மகள் கற்ற கலை அது.

அதற்குக் குறைகளும் இருந்தன. நாள்முழுதும் மழையிலே நின்ற கம்பளி நீர் குடித்துக் கனத்துவிடும். லயன் அறையில் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு உலர்த்தினால் புகையும் மணமும் ஏறும். பல நாட்கள் அரையீரமாகவே மறுநாள் வேலைக்குப் போகும். இப்போது பல இடங்களில் பிளாஸ்டிக் விரிப்பு அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. அது இலேசானது, மழையை உள்ளே விடாது. எனினும் உடலின் வியர்வையையும் வெளியே விடாது. வேலைசெய்யும் வரையில் உள்ளே வெந்து, வேலை நின்றதும் அந்த வியர்வையே குளிர்ந்து உடலை வருத்தும். வெளியே பிளாஸ்டிக்கும் உள்ளே கம்பளிச் சட்டையும் அணிவோர் இரண்டின் நன்மையையும் பெறுகின்றனர். பிளாஸ்டிக்கை மட்டும் அணிவோர் குளிருக்கு வாடகை கொடுக்கின்றனர்.

வருந்தத்தக்க செய்தி வேறொன்று. இந்த உடை குளிருக்கு ஏற்றது என்று எண்ணப்படாமல், தாழ்ந்தோரின் அடையாளம் என்று எண்ணப்பட்டது. நகரத்துக் கடைத்தெருவிலே கம்பளி போர்த்தியவரை ஏளனமாக நோக்கிய காலம் இருந்தது. அதன் விளைவு பிள்ளைகளிடம் தெரிகிறது. தோட்டத்திலிருந்து பாடசாலைக்கு மூடுபனியில் மலைவழி நடந்து வரும் மாணவன், பாட்டியின் போர்வையைப் போர்த்தினால் பிறர் சிரிப்பார்கள் என்று அஞ்சி, வெள்ளைச் சட்டை ஒன்றோடு வருகிறான். 1993 முதல் அரசு பாடசாலை மாணவருக்குச் சீருடைத் துணியை இலவசமாக வழங்குகிறது. அது பெரும் உதவியே. ஆயினும் யாழ்ப்பாணத்து வெயிலுக்கும் நுவரெலியாவின் பனிக்கும் சீருடை வெள்ளைதான். உடல் நடுங்கும் பிள்ளையின் விரல் எழுதுகோலை ஒழுங்காகப் பிடிக்காது. குளிரிலே உடல் முதலில் கைவிடுவது விரல்களையே. நடுவுடலின் வெப்பத்தைக் காப்பதற்காகக் கைகால்களுக்குச் செல்லும் இரத்தத்தை அது குறைத்துவிடும். எனவே கையுறை வாங்க முடியாத வீட்டிலும், சட்டைக்குள்ளே ஒரு பனியனும் மேலே கையில்லாத கம்பளிச் சட்டையும் இருந்தால் விரல்களுக்கும் சூடு திரும்பும். வெண்சீருடையின் ஒழுங்கு கெடும் என்று கருதும் பாடசாலைகள் ஒரே நிறச் சட்டையை அனைவருக்கும் குறித்துவிட்டால் ஒழுங்கும் காக்கப்படும், நெஞ்சும் காக்கப்படும்.

கம்பளியை இகழ்ந்தவர்களே ஆட்டு மயிரால் நெய்த கோட்டைக் கண்டு வணங்கினர் என்பது நகைப்புக்குரியது. கோட்டும் கழுத்துப்பட்டியும் குளிர்நாட்டு உடை. கழுத்துப்பட்டி சட்டையின் கழுத்தை மூடிக் காற்றைத் தடுக்க, கோட்டின் மடிப்பு நெஞ்சிலே இரட்டையாக விழ, உள்ளே கையில்லாச் சட்டை காற்றை அடைக்க, மூன்றும் சேர்ந்து ஒரு நல்ல குளிராடையாகின்றன. கொழும்பின் வெயிலிலே அதை அணிந்து வியர்ப்பது கந்தோர் மரியாதைக்காக. நுவரெலியாவிலே அணிவது பொருத்தத்துக்காக. 1876 இல் நிறுவப்பட்ட நுவரெலியா ஹில் கிளப்பில் இரவு உணவுக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து வரும் வழக்கம் பேர்பெற்றது. அதை வீண்பகட்டு என்று சிலர் கூறுவர். அந்த ஊரின் இரவுக் காற்றை அறிந்தவர் அவ்வளவு கடுமையாகக் கூறார்.

அழகாகவும் கதகதப்பாகவும் உடுப்பது எப்படி என்னும் வினாவுக்கு, கண்டி நகரத்தைப் பொறுத்தவரையில், விடை எளிது: கழற்றக்கூடியதையே அணிக. காலையில் கந்தோருக்கோ கல்லூரிக்கோ செல்லும் பெண்மணிக்குச் சேலைக்கு மேலே பொத்தான் பூட்டிய கம்பளிச் சட்டை ஏற்றதன்று. முந்தானை உள்ளே சுருண்டு ஒரு பக்கம் புடைத்து நிற்கும். மெல்லிய கம்பளியில் முழங்கையைக் கடந்த கையுடைய சட்டையை ரவிக்கைக்கு மேலே அணிந்து, அதற்கு மேலே முந்தானையை விட்டால் சேலையின் மடிப்பும் கரையும் கெடாமல் விளங்கும். அதற்கு மேலே தோளில் ஒரு சால்வை. வெயில் ஏறியதும் சால்வை கைப்பைக்குள்ளே போய்விடும். சால்வையின் நிறம் சேலைக்கரையின் நிறங்களில் ஒன்றாக இருப்பின் வேறு அணி வேண்டியதில்லை. பட்டுச் சேலை திருமண வீட்டுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். பட்டிழை நல்ல வெப்பக்காப்பு. நைலோன் சேலையோ பளபளக்கும், மடிப்புக் கலையாது, ஆனால் காற்றை அடைக்கும் ஆற்றல் அற்றது. குளிர் மிக்க நாளில் உட்பாவாடையைத் தடித்த பருத்தியிலோ பிளானல் துணியிலோ தைத்துக்கொள்வது வெளிக்குத் தெரியாத நன்மை.

ஆடவருள் வேட்டி அணிவோர் மேலுடம்பை மட்டும் பல துணிகளால் மூடிக் கால்களைக் காற்றுக்கு விட்டுவிடுகின்றனர். மலைப்பயணத்துக்கு நீளக் காற்சட்டையே தகும்; வேட்டியே வேண்டுமென்போர் இரட்டை வேட்டி உடுத்துக் காலுறை அணியலாம். காலுறைக்கு மேலே சப்பாத்து, சற்றுத் தளர்வாக. இரண்டு காலுறைகளைத் திணித்து இறுக்கிய சப்பாத்து இரத்தோட்டத்தைத் தடுத்துப் பாதத்தை மேலும் குளிரச் செய்யும். கோட்டும் சால்வையும் அணிந்து கீழே றப்பர்ச் செருப்போடு வரும் காட்சி நம் புகையிரத நிலையங்களில் அரிதன்று. கண்ணை மட்டும் விட்டு முகத்தை முழுதும் மூடும் குரங்குத் தொப்பியைப் பேராதனைச் சந்தியில் நண்பகல் வெயிலில் அணிந்து நிற்போரும் உளர். அத்தொப்பியை நானுஓயாவுக்கு வைத்திருக்கலாம். கழுத்தைச் சுற்றிய மெல்லிய கம்பளித் துண்டு ஒன்று, தடித்த சட்டையைவிட அதிக நன்மை செய்யும். கழுத்தின் இடைவெளி வழியேதான் உடலின் சூடான காற்று புகைபோக்கியிற் போல மேலெழுந்து தப்பிச் செல்கிறது.

நுவரெலியாவுக்குச் செல்வோர் உள்ளே ஒன்று, நடுவே ஒன்று, வெளியே காற்றும் மழையும் புகாத ஒன்று என மூன்று அடுக்குகள் கொண்டு செல்வது தக்கது. புதிதாக வாங்கவேண்டும் என்பதில்லை. அந்நகரிலே குளிராடை விற்கும் கடைவரிசை உண்டு. அங்கே நிறத்தைப் பார்த்து எடுக்கும் முன்னர் உட்புறத்துச் சீட்டைப் பார்த்து, இழை எது என்று அறிந்துகொள்ள வேண்டும். ஆட்டு மயிர் போலவே தோன்றும் அக்ரிலிக், பொலியெஸ்டர் முதலிய செயற்கை இழைகள் மலிவானவை, இலேசானவை, விரைவில் உலர்பவை. குளிரையும் ஓரளவு தாங்கும். ஆனால் விறகடுப்பு எரியும் வீடுகளிலே அவற்றால் விளையும் கேடு பெரிது. கம்பளி எளிதிலே தீப்பற்றாது. பற்றினாலும் கருகி, நெருப்பை விலக்கியதும் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். அக்ரிலிக் விரைந்து எரியும். பொலியெஸ்டரும் நைலோனும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். குளிர்காய அடுப்பருகே அமரும் குழந்தைக்கும் முதியோருக்கும் செயற்கை இழைச் சட்டையை அணிவித்து அங்கே இருத்துவது ஆபத்து. உடை போதாத வீடுகளில் கரிச்சட்டியை அறைக்குள்ளே வைத்துக் கதவைச் சாத்தி உறங்குவது அதனினும் கொடியது. எரியும் கரியிலிருந்து எழும் நச்சுவாயுவுக்கு மணமில்லை. உறங்குபவர் அறியாமலே உயிர் போய்விடும். இரண்டு போர்வைகளும் தலைக்கு ஒரு துணித்தொப்பியும் இருந்தால் கரிச்சட்டிக்கு வேலை இல்லை. கைக்குழந்தைக்கு மட்டும் தளர்ந்த போர்வைகளை அடுக்காமல், உடலோடு பொருந்தும் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவித்து, முகத்தை மூடாது விடவேண்டும்.

கம்பளியை வாங்கியவர்களிற் பலர் அதை முதல் வெளுப்பிலேயே கெடுத்துவிடுகின்றனர். ஆட்டு மயிரின் மேற்புறத்தில் மீனின் செதிள்போல நுண்ணிய செதிள்கள் உள்ளன. வெந்நீரில் இட்டுக் கசக்கினால் அச்செதிள்கள் ஒன்றோடொன்று கொளுவித் துணி சுருங்கித் தடித்துப்போகும். பெரியவர் சட்டை பிள்ளையின் அளவாகிவிடும். தண்ணீர் குளிர்ந்ததாயும் சவர்க்காரம் சிறிதாயும் இருக்கவேண்டும். கசக்காமல் அமிழ்த்தி எடுத்து, முறுக்காமல், துவாயிலே வைத்துச் சுருட்டி நீரை ஒற்றி, நிழலிலே பாய்மேல் விரித்து உலர்த்தவேண்டும். கொடியிலே தொங்கவிட்டால் நீரின் கனம் இழுத்து உருவைக் கெடுக்கும். குளிர்காலம் கழிந்ததும் நன்றாக உலர்ந்த பின்னர், வசம்பையோ காய்ந்த வேப்பிலையையோ துணியில் முடிந்து இடையே வைத்துப் பெட்டியில் அடுக்குவது பழைய வழக்கம். பூச்சி வியர்வையும் எண்ணெயும் படிந்த இடத்தையே தேடி அரிக்கும். ஆகையால் அழுக்கோடு எடுத்து வைக்கலாகாது. மறு ஆண்டு ஐப்பசி மழை சற்று விட்டு வெயில் காணும் முதல் நாளில் அவற்றை வெளியே எடுத்து உதறி, முற்பகல் முழுதும் காற்றாட விட்டுப் பிள்ளைகளின் கையளவையும் அன்றே ஒருமுறை பார்த்துக்கொண்டால், மார்கழி பிறப்பதற்குள் நூல் வாங்கிக் கையை நீட்டிப் பின்னுவதற்கு நேரம் இருக்கும்.